அழக் கூடாத வீட்டில் அழுதேன்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெகதாப்பட்டினத்தில் என் தோழியின் வீட்டில் நடந்தது இது. இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் காது இரண்டும் சுடுகிறது.

எனக்குக் கொரியன் தொடர் பைத்தியம் உண்டு. அதிலும் க்ரைம் தொடர் என்றால் சோறு தண்ணி வேண்டாம். புதுக்கோட்டையில் போட்டித் தேர்வுக்கான கோச்சிங் வகுப்பில் பக்கத்தில் உட்காருபவள் அந்தத் தோழி. பாடத்தைவிட இந்தக் கதைகளைத்தான் அவளிடம் அதிகம் பேசியிருப்பேன்.

"கொலை பண்ணது யாருங்கிறது பெரிய விஷயமே இல்லடி. வீட்டுல காத்துக்கிட்டு இருக்காங்க பாரு, அவங்கதான் கதையே!" என்பேன்.

"எங்க வீட்டுக்கு வா. காத்துக்கிட்டு இருக்கறத நேர்லயே பாக்கலாம்" என்பாள். ஜோக் என்று நினைத்து நானும் சிரிப்பேன்.

அவள் அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். சனிக்கிழமை கடலுக்குப் போனால் ஞாயிறு காலையில் கரைக்கு வந்துவிடுவார். "நாயித்துக்கிழம வாடி, அப்பா நண்டு கொண்டாருவாரு" என்று அழைத்திருந்தாள். திருக்கோகர்ணத்திலிருந்து விடிந்ததும் கிளம்பி, அறந்தாங்கியில் பஸ் மாறிப் போனேன். வழியெல்லாம் போனில் அந்தத் தொடர்தான். கடைசி எபிசோடில் பாதி மிச்சம் இருந்தது.

கதை இதுதான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சூப் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. மகனைக் காணோம். விசாரிக்கிற போலீஸ்காரர் தினமும் சாயங்காலம் வந்து, "இன்னிக்கும் ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா ஊற்றுகிற சூப்பைக் குடித்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். துப்பறிவதைவிட அந்த இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் நான் ஒவ்வொரு எபிசோடாக ஓடினேன்.

தோழி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். "எல்லாப் போட்டும் வந்துருச்சு, அப்பா போட்டு மட்டும் வரல. கூப்பிட்டாலும் எடுக்கல. நீ உக்காரு, நான் போட்டு கட்டுற ஜெட்டிப் பக்கம் பாத்துட்டு வாரேன்." அவள் அம்மா கொல்லையில் மீன் குழம்புக்கு அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வா ஆத்தா, காப்பி குடிச்சியா?" என்று சிரித்தார். பஸ் லேட்டாவது போலப் படகும் லேட்டாகும்போல என்று நினைத்துக்கொண்டேன். கொல்லையில் அவருக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருக்கலாம். எனக்கோ மிச்சமிருந்த பாதி எபிசோடு. முன் அறையில் பாயில் உட்கார்ந்து இயர்போனைச் செருகினேன்.

அந்தக் காட்சி வந்தது. போலீஸ்காரர் கடை வாசலுக்கு வருகிறார். வழக்கத்துக்கு மாறாக உள்ளே வரவில்லை, வாசலிலேயே நிற்கிறார். அந்த அம்மா அவர் முகத்தை ஒரு தடவை பார்க்கிறார். கையிலிருந்த கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, அப்படியே சுவரோடு சரிகிறார். நான் உடைந்துவிட்டேன். தோள் குலுங்க, மூக்கில் ஒழுக அழுதேன்.

நிமிர்ந்தால், கொல்லைக் கதவருகே தோழியின் அம்மா நிற்கிறார். கை நிறைய மசாலா. என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"என்னாத்தா? போன்ல சேதி வந்துச்சா?"

நான் இயர்போனைப் பிடுங்கிவிட்டுப் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மாட்டிக்கொண்ட கூச்சத்தில் செய்தது. அவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

"சொல்லு. சிலோன் நேவிக்காரய்ங்க புடிச்சுட்டாய்ங்களா? இல்ல... வேறயா?"

சீரியல் பார்த்து அழுதேன் என்று ஒரே வார்த்தை. அது வாய்க்கு வரவில்லை. எம்.எஸ்சி. படித்தவள், முதல் தடவையாக வந்த வீட்டில், முகம் தெரியாத ஒரு கொரியாக்கார அம்மாவுக்காக அழுதேன் என்று எப்படிச் சொல்வது? கண்ணில் தூசி என்று சொல்லலாமா, தலைவலி என்று சொல்லலாமா என்று கௌரவமான பொய் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாது.

அவர் கத்தவில்லை. மசாலாக் கையைத் தலையில் வைத்துக்கொண்டு, சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "போகயில ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்காமப் போனாரே" என்றார் மெதுவாக.

இதை எழுதாமல் விட்டுவிடலாம்தான். அவர் சரிந்த அந்த நொடியில், 'அந்த நடிகையும் இப்படியேதான் சரிந்தார்' என்று என் மனசு ஒப்பிட்டுப் பார்த்தது.

அதற்குள் வாசல் வழியாகப் பார்த்துவிட்ட பக்கத்து வீட்டுப் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். "என்ன மதினி, என்னாச்சு?" என்று ஒருவர் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் தோழியை அழைத்துவர ஜெட்டிக்கு ஓடினார். அப்போதுதான் எனக்குப் பேச்சே வந்தது. "அம்மா, சேதி ஒண்ணும் வரல. நான் சீரியல் பாத்து அழுதேன். சீரியல்!" என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.

"எந்த சீரியலு?" என்றார் தாங்கிப் பிடித்தவர்.

"கொரியா..."

"அடிப்பாவி! கொரியாக்காரிக்கு அழுவுறதுக்கு எங்க வீடுதான் கெடச்சுச்சா ஒனக்கு?"

யாரோ சிரித்தார்கள். தோழியின் அம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்து, "அப்ப அவருக்கு ஒண்ணுமில்லயில்ல?" என்று கேட்டார்.

'ஆமாம்மா' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். படகு இன்னும் வரவில்லையே.

தோழி ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்தாள். என்ன நடந்தது என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டாள், என்னைத் திட்டவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் காத்திருப்பது என்றால் என்னவென்று பார்த்தேன். பின்னணி இசை கிடையாது. அவர் பூண்டு உரித்தார், உரித்ததையே மறுபடி உரித்தார். அடுப்பில் வைத்த டீ பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே யார் நடந்தாலும் மூன்று பேரும் வாசலைப் பார்த்தோம்.

உச்சிப் பொழுது தாண்டி, தெருவில் ஒரு குரல் கேட்டது. "மதினி, போட்டு வந்துருச்சு! இஞ்சின் மக்கராம், கட்டி இழுத்துக்கிட்டு வந்துட்டாய்ங்க!"

கொஞ்ச நேரத்தில் அவள் அப்பா நனைந்த சட்டையோடு, நண்டும் மீனும் போட்ட பையோடு வாசலில் நின்றார். அவர் மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. "சோறு போடவா?" என்று மட்டும் கேட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண், "அண்ணே, இந்தப் புள்ள இன்னிக்கு என்னா பண்ணுச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். தோழியின் அம்மா சட்டென்று வெட்டினார். "அது டவுனுப் புள்ள, காரம் ஆவாதாம். அதத்தான் சொல்றா."

அப்பா உட்கார்ந்து மனைவியைப் பார்த்தார். "என்ன, தலையெல்லாம் மசாலாவா இருக்கு?"

"அரைக்கயில பட்டுருச்சு."

அன்று முதலில் எனக்குத்தான் சோறு போட்டார் தோழியின் அம்மா. நண்டுக் காலை உடைத்து இலையில் வைத்தார். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

இப்போதும் கொரியன் தொடர் பார்க்கிறேன். அழுகையும் வரத்தான் செய்கிறது. ஆனால் கண் கலங்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் முடியில் காய்ந்திருந்த மசாலாதான் முன்னால் வந்து நிற்கிறது. என் கௌரவத்தைக் காப்பாற்ற நான் பொய் தேடிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், அவர் தன் மனசுக்குள் புருஷனை முழுசாகப் பறிகொடுத்துவிட்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.