எட்டுத் தளங்களின் ஒத்திகைக்காரர்

கைகளைக் கட்டிக்கொண்டு, கறுப்புத் திரையில் தாமே அடித்த ஒற்றை வரியை மூன்றாவது முறையாக வாய்விட்டுப் படிக்கிறார். என்டர் தட்டும் நேரம் இன்னும் வரவில்லை.

கால்நடை மருத்துவமனை ஒன்று, கிளைகள் எட்டு. தலைமை இணையதளத்தில் உள்ளதை எட்டுக் கிளைத் தளங்களுக்கும் அப்படியே நகலெடுத்து வைப்பது இவருடைய உத்தியோகம். மவுஸைத் தொடமாட்டார்; எல்லாம் கட்டளை வரிதான். அதில் ஒரு சொல்லைச் சேர்த்தால், தலைமையில் இல்லாத எதுவும் கிளையில் மிஞ்சாது, துடைத்துவிடும். ஆகவே இன்னொரு சொல்லைச் சேர்த்து முதலில் ஒத்திகை. எது வரும், எது போகும் என்று பட்டியல் மட்டும் காட்டும், எதையும் தொடாது. அலுவலகத்தில் அவர் பெயரே ஒத்திகை.

"கட்டளையில கோப்புறை பேருக்குப் பின்னாடி ஒரே ஒரு சாய்வுக்கோடுங்க. இருந்தா பையில உள்ள சாமான் போகும். இல்லேன்னா பையே போயிரும்" என்பார், வெடிகுண்டைக் காட்டுபவர்போல. ஒருமுறை அது விடுபட்டு, எட்டுத் தளங்களின் வயிற்றிலும் ஆளுக்கொரு குட்டித் தளம் உண்டாகிவிட்டது. மருத்துவமனையில் யாரும் கொண்டாடாத பிரசவம் அது ஒன்றுதான்.

வீட்டிலும் இதே கதை. "சண்டைக்கு முன்னாடி என்னென்ன பேசப்போறாருன்னு வரிசையாச் சொல்லுவாரு. கேட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கோபமே ஆறிப்போயிடும்" என்கிறார் மனைவி. பாராட்டா, புகாரா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

அன்று முதலாளி முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். போட்டி ஆஸ்பத்திரிக்குத் தாவிய டாக்டரின் படத்தைத் தலைமையில் எடுத்தாகிவிட்டது; எட்டுக் கிளைத் தளங்களிலும் அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். உடனே அழித்தாக வேண்டும். ஒத்திகைப் பட்டியலில் டாக்டர் எட்டு முறை வந்தார். ஆறாம் கிளையில் மட்டும் அவரோடு இருநூற்றுப் பதினான்கு படங்களும் போவதாக இருந்தன. வழிதவறிக் கிளைக்கு வந்து சேர்ந்த நாய்கள், பூனைகள், ஒரு கிளி. அந்தக் கிளையின் நர்ஸம்மா யாரையும் கேட்காமல் நேரே கிளைத் தளத்திலேயே ஏற்றியிருக்கிறார்.

ஒத்திகை அவருக்குப் போன் போட்டார். "ஏம்மா, அந்தப் படமெல்லாம் உங்க போன்ல இருக்கா?"

"அதான் சைட்ல இருக்கேன்னு போன்ல அழிச்சுட்டேன் சார். நேத்துக்கூட அதைப் பாத்துட்டுத்தான் ஒருத்தர் வந்து பூனையைக் கூட்டிட்டுப் போனாரு."

"இதுங்களை முதல்ல தலைமைக்கு எடுத்து வச்சுடறேன் சார். இருபது நிமிஷம்" என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டே அந்த நகலெடுப்பை ஓடவிட்டார். திரையின் பக்கத்துச் சாளரத்தில் அழிக்கும் கட்டளை ஒரே ஒரு தட்டுக்குக் காத்திருந்தது.

"இன்னும் இருபது நிமிஷம் அந்தாளு பல்லை நான் பாக்கணுமா? நாய் போட்டோதானேய்யா, போனாப் போகுது. தள்ளு, நானே தட்டுறேன்."

முதலாளியின் விரல் தோளுக்கு மேலாக நீண்டு வந்தது.

ஒத்திகை எழுந்தார். விசைப்பலகையின் வயரை முதலில் உருவினார். பிறகு விசைப்பலகையை நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.