பாலத்தில் நடந்த ஆள்

நவரத்தினம் கெட்டிக்கார சர்வேயர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கோணத்தை மூன்று தடவை பார்ப்பார். அப்போதும் திருப்தி வராது. சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்குப் போய் இரண்டு வருடமாகிவிட்டது. 1985 பிப்ரவரியில் லீவு கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: வளைகுடாவில் ராஸ் அல் கைமா மலைக்குள் குவாரி லாரிகளுக்கான பாதையின் வரைபடம் வியாழனுக்குள் முடிய வேண்டும். வெள்ளிக்கிழமை விமானம். வரும் நாளைக் கலண்டரில் வட்டமிட்டிருப்பதாக மனைவி சிவமலர் எழுதியிருந்தார்.

பாதையின் குறுக்கே, மழைக்கு மட்டும் ஓடும் ஆற்றின்மேல், பழைய கல்பாலம் ஒன்று இருந்தது. இரண்டடி அகலம், கைப்பிடிச் சுவர் கிடையாது. ஐந்நூறு வருடப் பழசு என்றார் ஜீப் ஓட்டிய ஈசா. படிவத்தில் ஒரு கட்டம்: உபயோகத்தில் உள்ளதா? இல்லையென்றால் இடித்துவிட்டு நேராகப் போகலாம். ஆமென்றால் ஒரு கிலோமீட்டர் கீழே புதிதாக அளக்க வேண்டும். மூன்று வாரம்.

யாராவது பாலத்தில் நடக்கிறார்களா என்று மூன்று நாள் காத்திருந்தார். உட்கார முடியாமல் கரையில் மேலும் கீழும் நடந்தார். ஆடுகள்கூட வறண்ட படுகையில் இறங்கியே போயின.

குவாரி போனில் மேலாளர் சேதுமாதவனிடம் சொன்னார்: "ஒருதரும் நடக்கேல்லை ஐயா."

"அப்புறம் என்னய்யா? இல்லைன்னு எழுதிட்டுப் பெட்டியைக் கட்டும்."

"எழுதலாந்தான். கை வருகுதில்லை."

புதன் மதியம் கடைசி அளவு முளையை அடிக்க எதிர்க்கரைக்குப் போனார். மலைக்குள் எங்கோ மழை. பழுப்புத் தண்ணீர் லாரி இரைச்சலோடு வந்து படுகையை நிரப்பியது. ஜீப் அந்தப் பக்கம். கோணம் பார்க்கும் தியோடலைட்டைத் தோளில் வைத்துக்கொண்டு பாலத்தில் நடந்தார். நடுவில் நின்று பார்த்தார். பாலம் அசையவில்லை.

ஈசா இந்தியில் சொல்லிச் சிரித்தார்: "மூணு நாளா ஆள் தேடினீங்களே பாய். கிடைச்சாச்சு."

அன்று மாலை மறுபடி போன்.

"யாரய்யா நடந்தது?"

"நான்தான்."

"உம்மைக் கணக்கில சேக்க முடியாதுய்யா."

"தண்ணி வந்தால் ஆரும் பாலத்தாலதான் வரவேணும் ஐயா. காய்ஞ்ச நாளில நிண்டு பார்த்தது என்ரை பிழை."

"லீவு போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்."

வரவில்லை என்று சிவமலருக்குத் தந்தி போனது. வெள்ளிக்கிழமை, விமானம் கிளம்பும் நேரத்தில், நவரத்தினம் ஒரு கிலோமீட்டர் கீழே முதல் கோணத்தை நான்காவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.