குடிக்காத வீட்டில் ஒரு கிளாஸ்

என்னைப்போல ஒரு முட்டாளைத் திருகோணமலைக் கடலில் வலை போட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. வீட்டில் தங்க வருபவரிடம் "நீங்கள் குடிக்கிறனீங்களோ?" என்று கேட்கத் தெரிந்த எனக்கு, "உங்கட வீட்டில செத்த ஆக்கள் குடிப்பினமோ?" என்று கேட்கத் தோன்றவில்லையே!

நான் குடியை விட்ட கதை உங்களுக்குத் தெரியும். இதே பக்கத்தில் அழுது தீர்த்திருக்கிறேன். தனியே இருந்தால் ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்க மாட்டேன் என்பதும் தெரியும். துறைமுகத்தைப் பார்த்தபடி இரண்டு அறை வீடு, பின்னால் ஒரு சாமான் அறை. கூட இருக்க ஆள் வேண்டும். பேஸ்புக்கில் போட்டேன்: 'குடிக்காதவர் மட்டும்.'

முதலில் வந்தவர் பியர் ரின்னோடு வந்தார். "இதையும் குடியெண்டோ சொல்லுறியள்? இது சோடா மாதிரி அண்ணை!" அடுத்தவர் குடிக்கமாட்டார், ஆனால் குடியின் தீமைகளை மூச்சுவிடாமல் விளக்கினார். கேட்கக் கேட்க எனக்குத்தான் தாகம் எடுத்தது.

பிறகு குகன் வந்தார். சாம்பல்தீவுக்காரர், படகு எஞ்சின் திருத்துபவர். குடித்தே செத்த தமையனைத் தகனம் செய்த அன்று போத்தலை விட்டவர். அமைதி, சுத்தம், நல்ல சமையல்... தங்கக் கட்டி!

முதல் ஞாயிறு, பொழுது படுகிற நேரம், வீட்டில் சாராய வாசம். என் மூக்குக்கு என்னைவிட ஞாபகசக்தி அதிகம். அதன் பின்னால் போனேன். சாமான் அறையில் விளக்கு, வாழையிலையில் சோறு, பொரித்த மீன். பக்கத்தில் கிளாஸ் நிறையச் சாராயம்.

"என்ன குகன் இது?"

"செத்த தமையனுக்குப் படைக்கிறன். விருப்பமானதை வைக்காட்டி வரமாட்டார்."

"வராட்டி நல்லம்தானே?"

அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினார். "படைச்சால் வெளியில நிக்கோணும் அண்ணை. உள்ளுக்குப் பாக்கப்படாது."

ஊரில் வருசத்துக்கு ஒருமுறை படைப்பார்கள். இவரோ ஞாயிறுதோறும். தமையனுக்கு வருசம் வரை தாங்காதாம்!

சாத்திய கதவுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்தோம். குடியை விட்ட இரண்டு பேர் ஒரு கிளாஸ் சாராயத்துக்குக் காவல் — இப்படி ஒரு உத்தியோகம் வேறு யாருக்காவது கிடைத்திருக்குமா?

துறைமுகத் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் மாடுபோலத் தெருவில் திரியும் மான்கள் சில கேற்றடியில் நின்றன; அவை மேய்வதை நிறுத்தித் தலை தூக்கின. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன, சாமான் அறை ஜன்னலை. உள்ளே கிளாஸைத் தரையில் வைக்கும் சத்தம். மெதுவாக... மரியாதையாக.

"பூனை," என்றேன்.

"ஓம்," என்றார் குகன்.

எங்கள் வீட்டில் பூனை இல்லை.

கதவைத் திறந்தபோது சோறும் மீனும் அப்படியே இருந்தன. கிளாஸில் பாதிதான். மிச்சத்தைக் குகன் முருங்கையடியில் ஊற்றினார். நான் அவர் வாயை முகர்ந்தேன்; அவர் என் வாயை முகர்ந்தார். இரண்டும் சுத்தம். குடிக்காதவர்கள் சேர்ந்து வாழ நம்பிக்கை மட்டும் போதாது ஐயா, நல்ல மூக்கும் வேண்டும்.

"இதை நிப்பாட்ட ஏலாதோ?" என்று கேட்டேன்.

"நான் வைக்காட்டி, என்ர வாயால குடிப்பார் அண்ணை."

என்ன செய்வது? குகனைப் போகச் சொன்னால் தனிமை. தனிமை என்றால் எனக்குப் போத்தல். இருக்கச் சொன்னால் கிழமைக்கு ஒரு கிளாஸ், ஒரு பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம். முடிவெடுக்காமலே ஞாயிறுகள் போயின.

போன ஞாயிறு படைத்துவிட்டுக் கதவைச் சாத்தியதும் குகனுக்குப் போன் வந்தது. கேற்றைத் தாண்டி றோட்டில் நின்று கதைத்தார். கதவடியில் நான் மட்டும். அந்த வாசம். பார்த்தால் என் கை, என்னிடம் கேட்காமலே, கதவுக் கொண்டியைப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு மிடறு... யாருக்குத் தெரியப்போகிறது? பழியைப் போடத்தான் உள்ளே ஆள் இருக்கிறாரே!

கையை இழுத்துக்கொண்டேன். ஆசையை மறைக்க என்னிடம் இருப்பது பகிடி ஒன்றுதான். கதவில் மெல்லத் தட்டினேன்.

"அண்ணை, எனக்கும் ஒரு மிடறு விடுவியளோ?"

றோட்டில் குகன் இன்னும் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். கதவுக்கு உள்ளே இருந்து, என் காதுக்கு நேராக, பதில் வந்தது.

"உமக்கு வேண்டாம்."