பதினேழாவது தட்டு

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் தட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது, அது கிடக்கட்டும். பாத்திரம் கழுவும் திரவம் செய்கிற அந்தத் தொழிற்சாலையின் சோதனை அறையில் பதினெட்டு வருஷமாக அவளுக்கு வேலை, தட்டு கழுவுவது. இதற்குக்கூட ஓர் உத்தியோகமா என்று சிரிக்காதீர்கள். சின்னத் தொட்டியில் ஐந்து லிட்டர் வெந்நீர், அதில் அளந்து விட்ட திரவம், பக்கத்தில் கொழுப்பும் மாவும் முட்டைத்தூளும் குழைத்துத் தடவிய தட்டுகள். ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டே போக வேண்டும். அழுக்கு சேரச் சேர நுரை அடங்கும். பாதித் தொட்டிக்கு நுரை விலகித் தண்ணீர் தெரிந்ததும் "போச்சு" என்று சொல்ல வேண்டும். அதுவரை எத்தனை தட்டு ஆனதோ அதுதான் அந்தத் திரவத்துக்கு மார்க். கையுறை கிடையாது. பிசுக்கு விட்டதா இல்லையா என்று விரல்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் "போச்சு" விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. ஒருமுறை முதலாளியே பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் நுரை இருக்கிற மாதிரி இருக்கே?" என்று இழுத்தார். "இருந்தா நீங்களே கழுவிக்கோங்க சார்" என்று கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் சொன்ன எண்ணை யாரும் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை.

மற்றபடி அவள் எதற்கும் அலட்டிக்கொள்கிறவள் இல்லை. மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு வீட்டில் பேச்சு வற்றிப்போயிற்று. புருஷனோடு சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போடவாவது கொஞ்சம் அக்கறை வேண்டாமா? "சாப்பாடு வச்சாச்சு." "ம்." "கதவைச் சாத்தவா?" "ம்." நாள் முழுக்க இவ்வளவுதான். சந்தோஷமாக இருக்கிறாயா என்று யாராவது கேட்டிருந்தால், ஏன், என்ன ஆச்சு என்று திருப்பிக் கேட்டிருப்பாள்.

புருஷனுக்கும் அதே தொழிற்சாலைதான். பெட்ரோலியத்திலிருந்து வருகிற அமிலத்தைப் பெரிய தொட்டியில் விட்டு, காரம் சேர்த்து அடக்கி, நுரை கொடுக்கும் சரக்காக மாற்றுவது அவன் வேலை. இப்போது அந்தத் தொட்டிக்குத்தான் வேட்டு. தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த புதுச் சரக்கு பீப்பாயில் தயாராக வந்து இறங்குமாம். தண்ணீரில் கலந்து பாட்டிலில் அடைத்தால் முடிந்தது. தொட்டியும் வேண்டாம், தொட்டிக்காரனும் வேண்டாம். பழசைவிட ஒரு தட்டு குறைந்தால்கூடப் பரவாயில்லை, புதுசுக்கு மாறிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். இரண்டு குறைந்தால் பேச்சே இல்லை, பழசுதான்.

சோதனை அன்று காலையில் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஏம்மா, இன்னிக்குத்தானே?"

"ம்."

"எது பழசு, எது புதுசுன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா உனக்குப் பார்த்தாலே தெரியும் இல்ல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி எத்தனை மாசம் ஆகிறது!

"புதுசுக்கு ரெண்டு தட்டு முன்னாடியே போச்சுன்னு சொல்லிடு. உன்னை யாரு கேக்கப் போறா? எனக்கு அம்பத்திரண்டு ஆகுது. இனிமே எவன் என்னைக் கூப்பிட்டு வேலை குடுப்பான்? நம்ம பொழப்புல மண்ணு விழுந்திரும்மா."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். சொன்னால் பேச்சு வளரும், அதற்குத் தெம்பு இல்லை. அலம்பிய டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். வாய் திறக்காததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவன் செருப்பை மாட்டினான்.

அவனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. புதுசு ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கே ஆசை. பழைய சரக்கு பதினெட்டு வருஷத்தில் அவள் கையைத் தின்றிருந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, உப்பு பட்டால் உயிர் போகும். அளவு பார்ப்பதற்காக இரண்டு வாரம் புதுசை மட்டும் வைத்துக் கழுவச் சொன்னார்கள். வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பழசுக்குத் திரும்பியதும் மறுபடி பிளந்துகொண்டன. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு ஒன்றின்மேல் ஆசை வந்தது என்றால் அது பாத்திரம் கழுவும் திரவத்தின்மேல்தான். சிரிப்பாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

சோதனை அறையில் மேடம் காத்திருந்தாள். இரண்டு வருஷம் மெனக்கெட்டுப் புதுக் கலவையை உருவாக்கியவள் அவள்தான், சின்ன வயசு. ஒரே நிறத்தில் இரண்டு ஜாடி, அ, ஆ என்று சீட்டு. முதல் ஜாடியைத் தண்ணீரில் விட்டுக் கலக்கியதுமே தட்டக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பெரிய பெரிய குமிழி, பழசேதான். இருபது தட்டு வந்தது.

இரண்டாவது ஜாடி. நுரை அரைத்த மாவு மாதிரி பொடிப்பொடியாக, நெருக்கமாக எழும்பியது. பத்துத் தட்டு வரை அசையவில்லை. பதினாலில் இளகியது. பத்தொன்பது வந்தால் போதும். வந்துவிடும் என்றுகூட நினைத்தாள். பதினேழாவது தட்டைத் தேய்க்கும்போது நுரை நடுவில் கிழிந்து, கலங்கல் தண்ணீர் பாதித் தொட்டிக்குத் தெரிந்தது.

கையைக் கொஞ்சம் மெதுவாக விட்டால் இருக்கிற நுரையை உடைக்காமல் இன்னும் இரண்டு தட்டு ஓட்டிவிடலாம். அந்தச் சூட்சுமம் அவளுக்குத் தெரியும், பார்க்கிற யாருக்கும் தெரியாது. தண்ணீருக்குள் அவள் கை ஒரு நொடி நின்றது.

"அக்கா, ஓரத்துல இருக்கே... இன்னொண்ணு பாருங்களேன்" என்றாள் மேடம். கெஞ்சுகிற குரல்.

"போச்சும்மா. பதினேழு."

மேடம் எழுதினாள். பேனாவை மூடினாள். பிறகு தாளைப் பார்த்தபடியே, "உங்க வீட்டுக்காரர் தொட்டியிலதானே இருக்கார்?" என்று கேட்டாள்.

"ஆமா."

அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுத் தாளை மடித்தாள். சுருக்கென்று தைக்க வேண்டிய இடம்தான். தட்டக்கா தொட்டியைக் கவிழ்த்தாள், மிச்சத் தட்டுகளை அடுக்கினாள், கையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது வீடு பெருக்கியிருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அட! அவன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, பையிலிருந்து ஒரு களிம்பு ட்யூப்பை எடுத்தான்.

"கையைக் குடு. இப்படி வெடிச்சிருக்கு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

விரல் விரலாகத் தடவினான். கண் கலங்கியிருந்தது.

"எனக்காகப் பண்ணிட்ட. உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. உள்ளதைத்தான் சொன்னேன்."

"சரி சரி. வெளியிலயும் அப்படியே சொல்லு."

"நிஜமாத்தான். பத்தொன்பது வந்திருந்தா பத்தொன்பதுன்னுதான் சொல்லியிருப்பேன். உங்க வேலை போயிருக்கும்."

அவன் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"யாருகிட்ட கதை விடற? உன்னை எனக்குத் தெரியாதா?"

தனக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. களிம்பு குளிர்ச்சியாக இருந்தது, பிடித்திருந்த கை கதகதப்பாக இருந்தது. அவள் மற்றக் கையையும் நீட்டினாள்.