வியர்வை அடங்கும் வரை

செல்லனுக்கு இரண்டு பெண்டாட்டி என்று தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் கேலி பேசுவார்கள். ஒருத்தி சின்னத்தாய். இன்னொருத்தி துரையின் குதிரை ராணி. கோலசிலாங்கூர் ஆற்றோரத்துத் தோட்டத்தில் துரை சவாரி முடித்துக் கடிவாளத்தை எறிந்துவிட்டுப் போனதும், வியர்வை அடங்கும்வரை ராணியை மெல்ல நடத்துவதுதான் அவன் பிழைப்பு. முன்னங்கால் இடுக்கில் கை வைத்துப் பார்ப்பான்; சூடு தணியாவிட்டால் இன்னொரு சுற்று. பாதித் தூக்கத்தில் மிதப்பான். யார் யாரை நடத்துகிறார்கள் என்றே தெரியாது.

காட்டுக்குள் ஒளிந்து சண்டைபோட்ட கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்து அந்தச் சுகத்தைக் கெடுத்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். சங்கு ஊதியபின் வெளியே நின்றால் சுடுவார்கள். கூட்டம் கூடாதென்று முனீஸ்வரன் ஊர்வலத்தையும் நிறுத்தினார்கள். சாமி தூக்கிவருபவர்களின் காலில் வாசலுக்கு வாசல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பழகிய ஜனங்களுக்கு மனசே ஆறவில்லை.

ஒரு மாலை, காட்டோரம் வெடிச்சத்தம் கேட்டுத் துரை நாலுகால் பாய்ச்சலில் திரும்பினார். அவருக்கென்ன, குளிக்கப் போய்விட்டார். ராணி நுரைதள்ளி நின்றது. சங்கு ஊதும் நேரம். குதிரைக் கொட்டகையோ கம்பிக்கு வெளியே. நடத்தாமல் கட்டினால் ராணி பிழைக்காது, நடத்தினால் அவன் பிழைக்கமாட்டான். செல்லனுக்கு அழுகை வந்துவிட்டது. வாசல் காவலுக்கு நின்ற உதுமானிடம் கெஞ்சி, குதிரையை லயத்துக்குள்ளேயே கூட்டிவந்தான்.

விளக்கேற்றும் நேரம். அடுப்புப் புகை தாழ்ந்து கிடந்தது. அதனூடே ஆவி பறக்க ஒரு குதிரை மெல்ல மெல்ல வருகிறது. முதல் வீட்டுத் தாயம்மா முனீஸ்வரன் குதிரையே வந்துவிட்டதென்று நினைத்து, மஞ்சள் தண்ணீரோடு ஓடிவந்து அதன் காலில் ஊற்றினாள். அப்புறம் வாசலுக்கு வாசல் குடம். செல்லனும் தடுக்கவில்லை, கொதிக்கிற கால்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சுற்றச் சுற்ற ராணியின் மூச்சு இறங்கியது.

கடைசி வீடு அவனுடையது. குதிரை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சின்னத்தாய் குடத்தோடு நின்றாள். பாதியை ராணியின் காலில் ஊற்றினாள். மீதியைச் செல்லனின் வெறுங்காலில் ஊற்றினாள்.

"சாமிகூட நடந்து வர்றவங்களுக்கும் கால் சுடும்ல," என்றாள்.

எத்தனையோ வருடமாய் நடந்த கால். அது எரிகிறதென்று செல்லனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.