கிராணியம்மாவின் பஞ்சு யானை

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். அந்த வேலிக்குள்ளே உட்கார்ந்து யானை தைத்துக்கொண்டிருந்தார் தோட்டத்துக் கணக்கு எழுதும் எங்கள் கிராணியின் சம்சாரம். பழைய சேலைத் துணிக்குள் இலவம் பஞ்சை அடைத்து, காது வைத்து, தும்பிக்கை வைத்து. பவுடர் அப்பிய முகம். ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். பாதி புரியாது, புரிந்த பாதியிலும் ஒன்றும் இருக்காது.

மரத்தில் பால் வெட்டப் போகும் நாங்கள் ஒரு பருக்கை சோறு வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்துவிடுவோமாம். சீனி போட்ட தேத்தண்ணியைக்கூட கேட்டில் போலீஸ்காரன் கொட்டிவிடுவான்.

ஒரு லீவு நாளில், ராசா என்ற ஊரிலிருந்த தன் தங்கை பிள்ளைக்கு ஒரு யானையை என்னிடம் கொடுத்தனுப்பினார். கேட்டில் போலீஸ்காரன் அதன் வயிற்றைக் கத்தியால் கிழித்து, உள்ளே அரிசி இருக்கிறதா என்று துழாவினான். கிழிந்ததைத் திருப்பிக் கொண்டுவந்தேன். கிராணியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாயில்லா ஜீவன், அதைப்போய் கிழிச்சிருக்கானே!"

"அம்மா, ஐயாவைத் தொரைகிட்ட பேசச் சொல்லுங்கம்மா. வெறும் வயித்தோட மத்தியானம் வரைக்கும் மரம் வெட்ட முடியலை."

"அது சட்டம்லா. நாம தலையிடக் கூடாது." சட்டென்று முகம் மலர்ந்தது. "வயித்துல பொத்தான் வெச்சுட்டா? அவனே திறந்து பாத்துட்டு மூடிடுவான்!"

டப்பாவைக் கவிழ்த்துப் பொத்தான்களைப் பரப்பினார். பிறகு நிமிர்ந்து என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மனசு இளகிவிட்டது என்றுதான் நினைத்தேன். உதட்டிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, தெளிவாகக் கேட்டார்:

"செவப்பு நல்லாருக்குமா, நீலமா?"