ஜோங்மியோவில் இல்லாத இரண்டு அரசர்கள்

கடந்த ஒக்டோபர் கடைசியில் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காக இரண்டு வாரம் சியோலில் இருந்தேன். புறப்படுவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, எங்களுக்கு ஓய்வு. கூட வந்தவர்கள் கடைத்தெருவுக்குப் போனார்கள். எனக்கு ஜோங்மியோவைப் பார்க்க ஆசை. பழைய கொரிய அரசர்களின் பெயர்ப் பலகைகளை வைத்து, அவர்களின் ஆவிகளுக்கு வழிபாடு செய்யும் இடம் அது. செத்தவர்களை நினைப்பதில் எங்கள் ஊர் வங்காலைக் கத்தோலிக்கர் எவருக்கும் குறைந்தவர்களல்ல என்ற பெருமை வேறு.

மெட்ரோவில் ஜோங்னோ மூன்றாம் தெரு நிலையத்தில் இறங்கி, பதினோராம் வாசலால் வெளியேறினால் ஐந்து நிமிட நடை. நுழைவுச் சீட்டு ஆயிரம் வொன். வாரநாட்களில் வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். நான் காலை பத்து மணி ஆங்கிலச் சுற்றில் சேர்ந்தேன்.

வாசலைத் தாண்டியதும் நீளமான கல்பாதை. அதன் நடுப்பகுதி சற்று உயர்ந்திருக்கும். எங்கள் கோயிலில் நடுவழியால் நேரே பீடத்துக்குப் போய்ப் பழகிய கால், கேட்குமா? ஏறிவிட்டேன். வழிகாட்டிப் பெண் ஓடிவந்து, “அது ஆவிகள் நடக்கும் பாதை, தயவுசெய்து பக்கத்தால் வாருங்கள்” என்றாள். பதினைந்து பேர் பார்க்க இறங்கினேன். அன்றைய வெட்கம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பிரதான மண்டபம் ஆடம்பரமில்லாதது. நீண்ட கூரை, வரிசையாகப் பத்தொன்பது அறைகள், கதவுகள் பூட்டியிருந்தன. முற்றத்துக் கற்கள் கரடுமுரடானவை. தலை குனிந்து மெதுவாக நடக்கவேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிப் பதித்தார்களாம். உயிரோடு இருந்தபோது ஆளாத சிலருக்கும் பிறகு அரசர் பட்டம் கொடுத்து இங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றாள் வழிகாட்டி. “ஆனால் ஆட்சியிலிருந்து துரத்தப்பட்ட இரண்டு அரசர்களுக்கு இடம் இல்லை.”

“அவர்களுக்காக ஒருவரும் கும்பிடுவதில்லையா?” என்று கேட்டேன்.

“இங்கே இல்லை. வேறிடத்தில், கல்லறையில், உறவினர்கள் செய்வார்கள்.”

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் ஆத்துமாக்கள் மாதம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்போம், பங்குக் குருவான சுவாமி பூசையில் சத்தமாக வாசிப்பார். எங்கள் வீட்டுப் பட்டியலை எழுதுவது நான். அப்பாவோடு கடலுக்குப் போன படகு முதலாளி சம்மாட்டியாரின் பெயர்கூட அதில் உண்டு. என் கூடப்பிறந்த யூட் அண்ணாவின் பெயர் இல்லை. கல்யாண அறிவிப்பு மூன்று ஞாயிறும் கோயிலில் வாசித்த பிறகு, பெண்ணை விட்டுவிட்டு இன்னொருவர் மனைவியோடு போனவர் அண்ணா. “அவன்ரை பெயர் இந்த வீட்டிலை கேக்கக் கூடாது” என்றார் அப்பா. எட்டு வருடத்துக்கு முன் அண்ணா வவுனியாவில் இறந்தார், நான் போகவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அப்பாவும் போய்விட்டார். அதற்குப் பிறகும் நான் அந்தப் பெயரை எழுதவில்லை. கோயிலில் வாசித்தால் சனம் என்ன சொல்லும் என்ற பயம்தான்.

போக நினைப்பவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை பூட்டு. சனி, ஞாயிறு வழிகாட்டியில்லாமலும் பார்க்கலாம். சுற்று ஒரு மணித்தியாலம். உள்ளே கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். தட்டையான சப்பாத்து போடுங்கள், நடுக்கல்லில் ஏறாதீர்கள்.

பதினொன்றரைக்கு வாசலடி வாங்கில் உட்கார்ந்து தங்கச்சி ரீற்றாவுக்கு அழைத்தேன். ஊரில் காலை எட்டு மணி.

“அக்கா, பெயர்ப் பட்டியல் அனுப்புங்கோ. நாளைக்குச் சுவாமியிட்டைக் குடுக்கோணும்.”

“போன வருசத்துப் பட்டியல்தான். யூட் அண்ணான்ரை பெயரையும் எழுது.”

 

“அண்ணான்ரை பெயரை நான் பேசாலை ஊர்க் கோயிலிலை குடுக்கிறனான் அக்கா. ஒவ்வொரு வருசமும்.”

“அப்பாவுக்குத் தெரியாமலோ?”

“அப்பாதான் முதல் வருசம் என்னை அனுப்பினவர். ‘பெரியவளுக்குச் சொல்லிப்போடாதை, அவள் சண்டைக்கு வருவாள்’ எண்டவர்.”

அப்பாவின் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று எட்டு வருடம் நிமிர்ந்து திரிந்தேன். அவரோ எனக்குப் பயந்து, சொந்த மகனுக்குப் பூசை கேட்கத் தங்கச்சியை இரண்டு பஸ் மாற அனுப்பியிருக்கிறார்.

“இந்த முறை எங்கடை கோயிலிலையே குடு” என்றேன். “குடுக்கிற ஆள் எண்டு என்ரை பெயரைப் போட்டுக் குடு.”

“வாசிக்கேக்கை நீங்கள் இருப்பியளோ?”

“இருப்பன்.”

இருந்தேன், எங்கள் கோயிலில், இரண்டாம் வரிசையில். சுவாமி யூட் அண்ணாவின் பெயரை வாசித்தபோது நாலைந்து தலைகள் திரும்பின. அவர்களை நேராகப் பார்க்க முடிந்தது. பக்கத்தில் இருந்த ரீற்றாவின் முகத்தைத்தான் பூசை முடியும்வரை என்னால் பார்க்க முடியவில்லை.